முதுகலைக்கு வந்தவர்களை யார் வரவேற்பது? – வாசகர் கேள்வி பதில்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் முதுகலை வகுப்புகள் தொடங்கும் பருவம் இது. புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், அவர்களுக்குப் பாடம் நடத்தப்போகும் ஆசிரியர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அரசுக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

கேள்வி: நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் துறையில் இந்த ஆண்டு முதுகலை முதலாண்டில் 22 பேர் சேர்ந்திருக்கிறார்கள். இளநிலை முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சி நடத்தினோம். முதுகலை மாணவர்களுக்கும் நடத்தலாம் என்று நான் சொன்னபோது, "மூன்று வருடம் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு எதற்கு அறிமுகம்?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே அது தேவைதானா?

பதில்: தேவைதான். உங்கள் மூத்த ஆசிரியர் கேட்டதை நானும் பணியில் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன் என்பதால் அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டில் 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் மாணவர் அறிமுக நிகழ்ச்சிக்கென்று ஒரு கையேட்டையே வெளியிட்டது. ஆனால் நான் பார்த்த கல்லூரிகளில் அந்த ஏற்பாடு இளநிலை முதலாண்டைத் தாண்டி வந்ததில்லை. முதுகலைக்கு வருகிறவர் கல்லூரி வாழ்க்கையை அறிந்தவர் என்று நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம். அவர் அறிந்தது வேறொரு கல்லூரியை என்பதை மறந்துவிடுகிறோம்.

உங்கள் 22 பேரின் சேர்க்கை விண்ணப்பங்களை ஒரு மாலைப்பொழுதில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். உங்கள் கல்லூரியிலேயே இளநிலை முடித்தவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களில் சுயநிதிக் கல்லூரியிலிருந்து வந்தவர் இருப்பார், வேறு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் படித்தவர் இருப்பார், அஞ்சல்வழியில் பட்டம் பெற்றவர் இருப்பார், பி.எட். முடித்துவிட்டு வந்தவர் இருப்பார், இரண்டு ஆண்டுகள் ஜவுளிக்கடையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு வந்தவர் இருப்பார். சுயநிதிக் கல்லூரியில் எல்லாவற்றுக்கும் குறுஞ்செய்தி வரும், வராத நாளுக்கு வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு போகும். அரசுக் கல்லூரியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதத்தை நாமே போய்ப் படிக்கவேண்டும். இந்த வேறுபாட்டை யாரும் சொல்லாததால் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளைத் தவறவிட்டு, அபராதத்துடன் கட்ட அலைந்த நல்ல மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், சிறிய ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெரிய கல்லூரிக்கு முது அறிவியல் படிக்கப் போனேன். முதல் நாள் அறிவிப்புப் பலகையில் எங்கள் வகுப்புக்கு நேராக 'ஓ.பி. 14' என்று எழுதியிருந்தது. பத்துப் பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் ஒருவர், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "குதிரை லாயம்னு கேட்டிருந்தா உடனே காட்டியிருப்பாங்களே தம்பி" என்று சொல்லி அழைத்துப் போனார். 'ஓ.பி.' என்றால் பழைய கட்டடம். அந்தக் கட்டடத்தை அந்தக் கல்லூரியில் யாரும் அந்தப் பெயரால் அழைத்ததே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு முடிந்து ஆசிரியர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். "பி.ஜி.க்கு வந்தும் இடம் தெரியாதா?" என்று அவர் கேட்ட கேள்வி நாற்பது ஆண்டுகள் கழித்தும் எனக்கு நினைவிருக்கிறது, அன்று அவர் நடத்திய பாடம் என்னவென்று இன்றுவரை தெரியாது.

ஆசிரியரான பின், துறைத்தலைவர் பொறுப்புக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை ஒரே ஒரு தாளைத் தயாரித்ததுதான். அதில் கல்லூரியின் வரைபடத்தைக் கையால் வரைந்து, கட்டடங்களுக்கு அலுவலகப் பெயரையும் மாணவர்கள் வழக்கில் சொல்லும் பெயரையும் சேர்த்து எழுதினேன். குடிநீர் எங்கே வரும், மாணவியர் கழிப்பறையில் எது திறந்திருக்கும், நூலகம் எத்தனை மணிக்கு மூடும், உதவித்தொகை விண்ணப்பத்தை எந்தப் பிரிவில் யாரிடம் கொடுப்பது, போனஃபைடு சான்றிதழ் கேட்டு எழுதினால் எத்தனை நாளில் கிடைக்கும் என்பவற்றை அடுத்த பக்கத்தில் எழுதினேன். ஜெராக்ஸ் செலவு சில பத்து ரூபாய். சால்வைக்கும் பூங்கொத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

நிகழ்ச்சி நடத்தும்போது ஒன்றை மறக்காதீர்கள். அரசுக் கல்லூரிகளில் முதுகலைச் சேர்க்கை ஒரே நாளில் முடிவதில்லை. மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள், தேசிய மாணவர் படையினர், அந்தமான் நிக்கோபார் தமிழர் ஆகியோருக்கான சிறப்பு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு முதலில் நடக்கும். பிறகு பொதுக் கலந்தாய்வு. இடம் காலியாக இருந்தால் இன்னொரு சுற்று. அதற்குள் ஒருவர் பி.எட். கிடைத்ததென்று போய்விடுவார், அவர் இடத்தில் காத்திருப்புப் பட்டியலிலிருந்து வேறொருவர் வருவார். நாம் முதல் நாளில் பன்னீர் தெளித்து வரவேற்றுவிட்டு ஓய்ந்துவிடுவோம். மூன்றாவது வாரத்தில் வருகிறவருக்கு வரைபடமும் கிடைக்காது, பாடம் எதுவரை நடந்தது என்றும் தெரியாது. உண்மையில் வரவேற்பு அதிகமாகத் தேவைப்படுவது அவருக்குத்தான். எனவே ஒரு நாளைப் பெரிதாக நடத்துவதைவிட, கடைசி மாணவர் சேரும்வரை ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பதினைந்து நிமிடம் பேசும் பொறுப்பை ஓர் ஆசிரியர் ஏற்பது நல்லது. கேட்கிறவர் நீங்கள்தான் என்பதால், அந்த ஆசிரியர் நீங்களாகவே இருக்கலாம்.

கேள்வி: நான் பள்ளியிலிருந்து பி.ஏ. பொருளியல் வரை தமிழ்வழியில் படித்தவள். இப்போது அரசுக் கல்லூரியில் எம்.ஏ. பொருளியல் சேர்ந்திருக்கிறேன். இங்கே ஆங்கிலவழி. முதல் வாரத்தில் நடந்த வகுப்புகளில் பாதி புரியவில்லை. கேள்வி கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். – முதலாண்டு மாணவி, அரியலூர் மாவட்டம்

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. உங்களுக்கு இடம் கிடைத்தது இளநிலையில் முதன்மைப் பாடத்தில் நீங்கள் வாங்கிய மதிப்பெண்களால்தான். பொருளியல் உங்களுக்குத் தெரியும். தெரியாதது அந்தப் பொருளியலுக்கான ஆங்கிலச் சொற்கள் மட்டுமே. தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, இறுதிநிலைப் பயன்பாடு என்று நீங்கள் தமிழில் படித்த ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு சொல் இருக்கிறது. ஒரு நோட்டை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் வகுப்பில் கேட்ட புதிய சொல்லை ஒரு பக்கத்திலும், அதை நீங்கள் முன்பு தமிழில் எப்படிப் படித்தீர்கள் என்பதை மறுபக்கத்திலும் எழுதிவாருங்கள். என் மாணவர் ஒருவர் இப்படித் தொடங்கிய நோட்டில் முதல் செமஸ்டர் முடிவில் அறுநூறு சொற்களுக்கு மேல் இருந்தன. இரண்டாம் செமஸ்டரில் அவர் அந்த நோட்டைத் திறக்கவே இல்லை. அதைக் கடன் வாங்கியது அடுத்த ஆண்டு வந்த மாணவர்கள்.

இரண்டு செய்திகளை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளவேண்டும். முதலாவது, தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்பதைப் பற்றியது. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் கல்லூரியிலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருப்பார். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் விதிதான் செல்லும். எதுவாக இருந்தாலும் துறைத்தலைவரிடம் இந்த மாதமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வுக்கு முதல் நாள் வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமை. தமிழ்நாடு அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காட்டு இடங்களைத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை அடிப்படையில் ஒதுக்கும் சட்டம் 2010இல் வந்தது. கடைசியாகப் பெற்ற பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்கவேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. ஆங்கிலவழியில் முதுகலை படித்தால் அந்த உரிமை முழுவதும் போய்விடும் என்று பல மாணவர்கள் அஞ்சுகிறார்கள். அந்தப் பணிக்குக் குறிக்கப்பட்ட கல்வித்தகுதி எதுவோ, அதுவரை தமிழ்வழியில் படித்திருக்கிறீர்களா என்பதே கணக்கு. இளநிலைப் பட்டம் போதுமான பணிகளுக்கு உங்கள் பி.ஏ. வரைக்குமான தமிழ்வழிச் சான்று செல்லும். முதுகலைப் பட்டமே தகுதியாக உள்ள பணிகளுக்கு மட்டும் இந்த முன்னுரிமை உங்களுக்குக் கிடைக்காது. இளநிலை படித்த கல்லூரியில் அந்தச் சான்றை இப்போதே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு கழித்துப் போனால் பதிவேட்டைத் தேட ஆள் இருக்கமாட்டார்.

கூச்சத்தைப் பற்றி ஒன்று: வகுப்பில் கேட்க முடியாததை வகுப்பு முடிந்து ஆசிரியர் படியிறங்கும்போது கேளுங்கள். நான் விளக்கிய நல்ல பாடங்களில் பாதி மாடிப்படியில் நடந்தவை.

கேள்வி: நாங்கள் இரண்டாமாண்டு முதுகலை மாணவர்கள். புதிதாக வந்திருக்கும் எங்கள் ஜூனியர்களுக்கு 'ஃப்ரெஷர்ஸ் டே' கொண்டாட அனுமதி கேட்டோம். முதல்வர் மறுத்துவிட்டார். நாங்கள் ராகிங் செய்யப்போவதாக அவர் நினைக்கிறாரா? – திருநெல்வேலி மாவட்ட மாணவர்கள் சிலர்

பதில்: நீங்கள் செய்வீர்கள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். செய்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்திருப்பார். 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது. அதன்படி ராகிங் செய்தவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குற்றம் நிரூபிக்கப்பட்டால் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார்; வேறு கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர் அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. முதல்வரின் மறுப்புக்குக் காரணம் அநேகமாக இந்தக் கடைசி விதிதான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த விதிமுறைகள் இன்னும் விரிவானவை. அவற்றின்படி மாணவரும் பெற்றோரும் ராகிங் செய்யமாட்டோம் என்ற உறுதிமொழிப் பத்திரம் தரவேண்டும், நீங்களும் தந்திருப்பீர்கள். அடித்தால்தான் ராகிங் என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. வெட்கப்படும் ஒருவரை மேடையேற்றிப் பாடச் சொல்வதும், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும், ஜூனியர்களிடம் விழாவுக்குப் பணம் வசூலிப்பதும், உங்கள் ரெக்கார்டு நோட்டை அவர்களிடம் எழுதக் கொடுப்பதும் அந்த விதிகளுக்குள் வந்துவிடும். "சும்மா ஜாலிக்குத்தான் சார்" என்று விசாரணைக் குழுவின் முன் நின்ற மாணவர்களின் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் கொடியவர் யாரும் இல்லை. எதிரில் இருந்தவர் சிரித்ததை அவர் சம்மதம் என்று எண்ணிக்கொண்டவர்கள்தான்.

நீங்கள் மீண்டும் முதல்வரைப் பாருங்கள். விழா என்று எழுதாமல், துறை வகுப்பறையில், கல்லூரி நேரத்துக்குள், இரண்டு ஆசிரியர்கள் முன்னிலையில் ஒரு மணி நேரச் சந்திப்பு என்று எழுதிக் கொடுங்கள். தேநீரும் வடையும் உங்கள் செலவு. யாரையும் ஆடச்சொல்லவோ பாடச்சொல்லவோ போவதில்லை என்பதையும் எழுதுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் மட்டுமே சொல்லக்கூடியவை பல உண்டு: எந்தத் தாளில் கடந்த ஆண்டு பலர் அரியர் வைத்தீர்கள், எந்தப் புத்தகம் நூலகத்தில் ஒரே பிரதிதான் இருக்கிறது, அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு எப்படிப் படித்தீர்கள், எந்தப் பேருந்தில் வந்தால் முதல் வகுப்புக்குப் போய்ச்சேரலாம். இவற்றை எந்த ஆசிரியரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லமாட்டார். ஒவ்வொரு புதியவருக்கும் உங்களில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: தொல்லை என்று தோன்றினால் 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: என் மகள் பட்டம் முடித்து, அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். பி.எஸ்சி. படித்தபோது அவளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது. இனியும் வருமா? சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது சரியா? – ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அம்மா, அந்த ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் இளநிலைப் பட்டம், பட்டயம், தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கானது. முதுகலைக்கு அது கிடையாது. பலர் சேர்ந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டு மனம் உடைகிறார்கள். சேர்க்கை நாளிலேயே கல்லூரி இதைச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகிய பிரிவுகளின் மாணவர்களுக்கு அந்தந்த நலத்துறைகள் தரும் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் இப்போதே வாங்குங்கள். மகள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குடன் ஆதார் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் கேட்டுச் சரிபாருங்கள். பணம் வராமல் போவதற்கு நான் பார்த்தவற்றுள் பெரும்பாலான காரணம் அதுதான். இளநிலையில் அவளுக்கு யூமிஸ் எண் (உயர்கல்வி மாணவர்களுக்கான அரசின் இணையப் பதிவு எண்) கொடுத்திருப்பார்கள். அதைக் கல்லூரி அலுவலகத்தில் சொல்லி, புதிய படிப்புக்கு மாற்றிப் பதியச் சொல்லவேண்டும்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியில் ஒப்படைத்தே ஆகவேண்டும். மற்ற அசல்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தருமாறு மகளைக் கேட்கச் சொல்லுங்கள். தருவதற்குத் தாமதமானால், எவை எவை அங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி, அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளட்டும். எல்லாவற்றிலும் ஐந்து ஜெராக்ஸ் பிரதிகள் வீட்டில் இருக்கட்டும். பேருந்துக்குக் கவலை வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தாக இருந்தால் அவளுக்கு எப்படியும் கட்டணம் இல்லை. தொலைவு அதிகமென்றால் கல்லூரி வழியாகக் கட்டணமில்லாப் பயண அட்டைக்கு எழுதிக் கொடுக்கலாம்.

கேள்வி: திருமணமாகி எட்டு ஆண்டுகள் கழித்து எம்.ஏ. தமிழ் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் எல்லாரும் என்னை 'அக்கா' என்கிறார்கள். ஓர் ஆசிரியர் 'நீங்கள்' என்கிறார், மற்றவர்களை 'நீ' என்கிறார். தனித்துத் தெரிவது சங்கடமாக இருக்கிறது. – மதுரை வாசகி

பதில்: அக்கா என்று அழைக்கப்படுவதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை, அந்த வகுப்பில் உங்களுக்குத் தங்கைகளும் தம்பிகளும் கிடைத்திருக்கிறார்கள். அந்த ஆசிரியர் எல்லாரையும் 'நீங்கள்' என்று அழைத்தால் உங்கள் சங்கடமும் தீரும், மற்றவர்களுக்கும் முதுகலை மாணவர் என்ற மதிப்பு கிடைக்கும். முதுகலை வகுப்பில் 'வாடா போடா' என்று பேசுகிற வழக்கம் நம் கல்லூரிகளில் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அன்பினால் என்று சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் கவலைப்படவேண்டியது வருகைப்பதிவைப் பற்றி. 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வெழுதுவதில் சிக்கல் வரும். குழந்தைக்குக் காய்ச்சல், ஊரில் விசேஷம் என்று போகும் நாட்களை நீங்களே ஒரு நாட்காட்டியில் குறித்து வாருங்கள். மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்துவிட்டால் செமஸ்டர் முடிவில் மருத்துவச் சான்றிதழோடு அலையவேண்டியிருக்காது.

கேள்வி: இளங்கலையை ஒப்பிடும்போது முதுகலையில் என்ன மாறுகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நெட், ஆராய்ச்சி என்று சீனியர்கள் பேசுகிறார்கள். எப்போது தொடங்கவேண்டும்? – எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர், கோவை

பதில்: தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண் முதலில் மாறுகிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைக்கு 40 விழுக்காடு போதும். முதுநிலைக்கு 50 வேண்டும். பழைய நினைப்பில் 45 வாங்கி 'பாஸ்' என்று வீட்டில் இனிப்புக் கொடுத்துவிட்டு, மறுநாள் அரியர் என்று அறிந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்வது ஆசிரியரின் கடமை.

அடுத்தது நெட் தேர்வு, அதாவது உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி தரும் தேசியத் தேர்வு. கலைப் பாடங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட். இயற்பியலுக்கு அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவோடு இணைந்த நெட். இரண்டும் ஆண்டுக்கு இருமுறை என்ற முறையில் நடத்தப்படுபவை. முதுகலையை இன்னும் முடிக்காமல் இறுதியாண்டில் இருப்பவரும் எழுதலாம். முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் கேட்பார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாக 2023 முதல் உயர்த்தப்பட்டிருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்குப் பிறந்த ஒரு மாணவர் இந்த உதவித்தொகையில் முனைவர் பட்டம் முடித்து, வீட்டுக்குக் காரைத்தளமும் போட்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அவர் முதல் செமஸ்டரிலிருந்தே பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழகியவர். வகுப்பில் அலைச் சார்பு நடத்தும் வாரத்தில், அந்தப் பகுதியில் பத்தாண்டுகளாக வந்த கேள்விகளை எடுத்துப் போட்டுப் பார்ப்பார். தனியாகப் பயிற்சி மையத்துக்குப் போக அவரிடம் பணம் இல்லை. போயிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

முதுகலைக்குப் பின் படித்த எம்.ஃபில். என்ற ஆய்வுப் பட்டம் இப்போது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளோடு அது நிறுத்தப்பட்டது. முன்பு அந்த ஓராண்டில்தான் ஆய்வு என்றால் என்னவென்று நம் மாணவர்கள் பழகினார்கள். இப்போது அந்தப் பழக்கம் முதுகலை பிராஜெக்டிலேயே வந்தாகவேண்டும். அதற்கு வேண்டியது கட்டுரைகளைப் படிப்பது. 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தின்வழி, மாநில அரசுக் கல்லூரிகள் உட்பட அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 13,000 அளவிலான பன்னாட்டு ஆய்விதழ்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. நான் மாணவனாக இருந்தபோது ஒரே ஒரு கட்டுரைக்காகச் சென்னைக்கு இரவுப் பேருந்து ஏறியிருக்கிறேன். இன்று அது உங்கள் கைப்பேசியில் திறக்கும். ஆனால் அதற்கான உள்நுழைவைக் கல்லூரி உங்களுக்கு வாங்கித் தந்திருக்கவேண்டும். நாளைக் காலையில் நூலகரிடம் போய்க் கேளுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் படிக்க 'சோத்கங்கா' தளத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கேள்வி: கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அந்தக் காலத்தில் படித்தவன் நான். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஊட்டவேண்டுமா? நாங்களாகவே கற்றுக்கொள்ளவில்லையா? – ஓய்வுபெற்ற வாசகர்

பதில்: 1854இல் தொடங்கிய உங்கள் கல்லூரி பெருமைக்குரியது. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை ஆசிரியராக இருந்த இடம். அவர் போன மறு ஆண்டு, 1904இல், அதே கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் ஓர் ஏழை மாணவர். கணிதத்தில் மட்டுமே மூழ்கிக் கிடந்து மற்றப் பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார், கல்லூரியையும் விட்டார். அவர் பெயர் இராமானுசன். அவரும் தானாகவே கற்றுக்கொண்டவர்தான் ஐயா. முதல் சில மாதங்களில் அவரைத் தனியாக உட்காரவைத்து, மற்றப் பாடங்களில் எவ்வளவு எழுதினால் உதவித்தொகை நிலைக்கும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு. நீங்கள் தானாகக் கற்றுக்கொண்டதாகச் சொல்வதை நம்புகிறேன். உங்களோடு சேர்ந்து பாதியில் நின்றுபோனவர்களின் பெயர்களும் உங்களுக்கு நினைவிருக்கும்.

கேள்வி: புதிய முதுகலை மாணவர்களுக்கு வரவேற்பு நாளில் நினைவுப்பரிசாக எதைத் தரலாம்? பேனாவா, மரக்கன்றா? – முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பாளர், சேலம்

பதில்: நூலக அட்டையைத் தாருங்கள். ஆகஸ்டில் சேரும் மாணவர் கையில் அது நவம்பரில்தான் வந்துசேர்ந்தது, நான் பணியாற்றிய கல்லூரிகளில் ஒன்றில். புகைப்படம் வரவில்லை, அட்டை அச்சாகவில்லை, கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் இருக்கும். முதல் செமஸ்டர் தேர்வு அதற்குள் வந்துவிடும். சேர்க்கை நாளிலேயே கூடுதலாக இரண்டு புகைப்படங்களை வாங்கிக்கொள்ளும்படி அலுவலகத்தில் சொல்லுங்கள். அட்டை அச்சிடும் செலவை உங்கள் சங்கம் ஏற்கட்டும். நூலகரும் முதல்வரும் கையெழுத்திட்ட அட்டைகளை அகரவரிசையில் அடுக்கி, வரவேற்பு நாளன்று காலையிலேயே மேசைமேல் வைத்துவிடுங்கள். பிறகு சேர்பவர்களுக்காகப் பத்து வெற்று அட்டைகளும் அதே மேசையில் இருக்கட்டும்.